மூக்கை எடுத்தது மாமா அல்ல

மாமா நம்மைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் நிறைகிறது. அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, வருகிறவர்களுக்கு இலை போட்டு, இந்த நினைவு மலரையும் கையில் கொடுத்து அனுப்புவது என்று குடும்பத்தார் முடிவு செய்தோம். அவரோடு பதினேழு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவன் என்பதால் என்னையும் நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள்.

கயல், முகில், என் பிள்ளைகளான உங்கள் இருவருக்கும் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் உறவினர்களும் துறைமுகத்துக்காரர்களும் மாமாவின் நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிவதால்தான் பயமாக இருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திவிடுவார்கள். மற்ற பிழையை நான்தான் திருத்த வேண்டும்.

போன வாரம் மாமாவின் மகன் கதிரவன் அச்சகத்திலிருந்து வந்த தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தான். "ஒரு தடவ பாத்துட்டுக் குடுங்க, எதாச்சும் வுட்டுப்போச்சான்னு" என்றான். அவன் தன் அப்பாவைப் பற்றி அழகாக எழுதியிருந்தான். நடுவில் ஒரு வரி வந்தது. "படகு எஞ்சின் ஒன்றில் தான் செய்த தவறை ஊரறிய ஒப்புக்கொண்டு, பழியைச் சிரித்த முகத்தோடு சுமந்தவர் எங்கள் அப்பா."

அந்த வரியைப் படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தத் தவறை மாமா செய்யவில்லை. அது அச்சாகிவிட்டால் எத்தனையோ வீட்டு அலமாரியில் அப்படியே இருந்துவிடும். பிறகு யார் போய் ஒவ்வொரு வீடாக அழிப்பது?

முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்கள் மாமா பிறந்தது சிதம்பரத்துக்கு மேற்கே, வீராணம் தண்ணீர் பாய்கிற ஒரு சிற்றூரில். விவசாயக் குடும்பம். உங்கள் அம்மாவுக்கு ஒரே அண்ணன். அடுத்தடுத்து இரண்டு போகம் வெள்ளத்தில் போனதால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, சிதம்பரத்தில் டிராக்டர் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அங்கேதான் முதன்முதலாக எஞ்சின் ஹெட்டைத் தொட்டார். பிறகு கடலூருக்கு வந்து, செம்மண்டலத்தில் குடியிருந்துகொண்டு, முதுநகரில் சொந்தமாகப் பட்டறை போட்டார். ஒரு புயலில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மோட்டார்கள் எல்லாம் வீணாயின. அப்போதும் அவர் வாய்விட்டுப் புலம்பி நான் கேட்டதில்லை. கல்யாணமான மறு வருஷம் எனக்கு இருந்த வேலை போனதும், "நம்ம பட்டறைக்கு வா மாப்ளே, ரெண்டு பேரும் சேந்து அழுக்காவலாம்" என்று கூட்டிக்கொண்டார். நான் அவரை மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். கடைசி வரை அப்படித்தான்.

ஹெட் என்பது எஞ்சினின் தலை. சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கின் மேல் மூடிபோல உட்காரும் கனமான இரும்பு. அதற்குள் காற்று உள்ளே வர ஒரு வழியும் புகை வெளியே போக ஒரு வழியும் குடைந்திருக்கும். காற்று வருகிற குடைவைப் பட்டறையில் வெறுமனே ‘வழி’ என்போம். மாமாவுக்கு உயிர் அந்த வழிதான். வால்வு மாற்றுவது, வால்வு உட்காருகிற சீட்டு வெட்டுவது எல்லோரும் செய்வார்கள். ஹெட் கைக்கு வந்ததும் வழிக்குள் விரலை விட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர் அவர் ஒருவர்தான்.

பைக் வைத்திருக்கிற பையன்கள் வந்து, "வழிய நல்லாப் பெருசு பண்ணுங்க மேஸ்திரி, வண்டி பறக்கணும்" என்பார்கள். "பெருசு பண்ணா பறக்காதுடா, சோம்பேறியாயிடும்" என்று சொல்லி, பின்னால் இருக்கிற ரப்பர் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர் தொளதொளவென்று காலடியில் விழும். வாயைக் கட்டைவிரலால் பாதி அடைப்பார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போய் அந்தப் பையனின் ஷூவை நனைக்கும். "பாத்தியா, ஓட்டை சின்னதானாதான் ஓட்டம் வரும். அளவுன்னு ஒன்னு இருக்குது." வழி வளைகிற இடத்தைத் தொட்டுக் காட்டி, "காத்தும் நம்ம டவுன் பஸ்ஸு மாதிரிதான். வேகமா வந்து சட்டுனு திருப்பினா அந்தாண்ட போய் இடிச்சிக்கும். உள்பக்க வளைவ நைசா உருட்டி வுடணும்" என்பார்.

காற்றை அளக்க அவரே ஒரு கருவி செய்து வைத்திருந்தார். பழைய வேக்குவம் கிளீனர் ஒன்று, அடியில் வளைத்துக் கட்டிய கண்ணாடி டியூப், அதில் குங்குமம் கரைத்த தண்ணீர். ஹெட்டை மேலே வைத்து வேக்குவத்தைப் போட்டால், எவ்வளவு காற்று போகிறது என்பதைச் சிவப்புத் தண்ணீர் ஏறி இறங்கிக் காட்டும். ஹெட்டுக்குக் கீழே ஒரு குழாய், அதற்குள் பவுடர் டப்பாத் தகரத்தில் வெட்டிய சின்னக் காத்தாடி. அது எதற்கு என்று பல வருஷம் நான் கேட்கவே இல்லை. ஏதோ விளையாட்டுக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும்.

அந்த விஷயம் நடந்தது கயல் ஆறாவது படிக்கும்போது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் வேலைக்கு வரும். துறைமுகத்துத் தேவராசு அண்ணனின் படகு ஹெட்டும் வந்தது. லாரி டீசல் எஞ்சினைப் படகில் பொருத்தியிருந்தார். நாலு சிலிண்டர். வால்வு சீட்டு வெட்ட வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் கடலுக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டார்.

மாமா அன்று சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் சீட்டு வெட்டி முடித்து, வழிக்குள் பார்த்தேன். வால்வுத் தண்டு இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடு. மனுஷன் மூக்கு மாதிரி, ஒரு பக்கம் சாய்ந்து, வழிக்குள் நீட்டிக்கொண்டு இருந்தது. எனக்கு அது உறுத்தியது. மாமாவுக்குப் போன் போட்டேன். மண்டபத்தில் கெட்டிமேளம்.

"மச்சான், சீட்டு வெட்டிட்டன். உள்ள கொஞ்சம் பிசிறு மாதிரி இருக்குது, எடுத்துடவா?"

"இன்னா? கேக்கல மாப்ளே!"

"பிசிறு! பிசிறு! எடுத்துடவா?"

"பிசிறு இருந்தா எடுத்து வுட்டுடு, அது எதுக்கு?"

"வழியிலங்க மச்சான்!"

"ஆமா ஆமா, எடுத்துடு. தாலி கட்றாங்க, வக்கிறன்."

எங்கள் பட்டறையில் பிசிறு என்றால், சீட்டு வெட்டிய பிறகு ஓரத்தில் நகம் போல நிற்கிற கூர்மை. கையைக் கிழிக்கும். அதை எடுப்பது வழக்கம். மாமா அதைச் சொன்னார். நான் மூக்கைச் சொன்னேன். ஒரே வார்த்தை, இரண்டு பேர் மனதில் இரண்டு பொருள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் மேளத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். நிற்கவில்லை. முதல் வழியில் மூக்கைத் தேய்த்து எடுத்தேன். இரண்டாவது வழியில் கிரைண்டர் கல்லை வைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. வார்ப்பில் வருகிற பிசிறு என்றால் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. இங்கே நாலு வழியிலும், ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே உயரத்தில் இருந்தது. யாரோ வேண்டுமென்றுதான் வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தோன்றியது, கயல். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய வருஷம் நான் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வைக்கிற கேஸ்கெட் தகட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். மாமா அதை எந்த விசேஷத்துக்குப் போனாலும் சொல்வார். "எங்க மாப்ள போட்ட கேஸ்கெட்டப் பாத்து எஞ்சினே சிரிச்சிது." மாமா வேடிக்கைக்குத்தான் சொல்வார். அன்று மண்டபத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மறுபடி போன் போட்டு மூக்கு என்றால் என்ன என்று கேட்டால் இன்னொரு கதையாகிவிடும் என்று பயந்தேன். நாலு மூக்கையும் எடுத்தேன். எடுத்து, உள்ளே முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டேன். சாயங்காலம் தேவராசு அண்ணன் வந்து, "பளபளன்னு இருக்குதே தம்பி" என்று சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மாமா பட்டறைக்கு வந்தார். கல்யாணப் பையில் இருந்த வெற்றிலையை எடுத்து வாயில் போடப் போனவர், வேலை மேசைக்குக் கீழே இருந்த தட்டைப் பார்த்தார்.

"மாப்ளே, சீட்டு வெட்டினதுக்கு இவ்ளோ பொடி எப்டி வந்துது?"

"நீங்க சொன்னீங்கள்ல மச்சான், பிசிறு எடுக்கச் சொல்லி."

"பிசிறு எடுத்தா ஒரு சிட்டிகை வரும். இது ஒரு கரண்டி இருக்குது. எங்க எடுத்த?"

சொன்னேன். மாமா வெற்றிலையை மேசை மேல் வைத்தார். திட்டவில்லை. பழைய இரும்புக் குவியலில் அதே மாதிரி எஞ்சினின் உடைந்த ஹெட் ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிவந்து காற்றுக் கருவியின் மேல் வைத்தார். வேக்குவத்தைப் போட்டார். கீழே தகரக் காத்தாடி கிர்ரென்று சுற்றியது. பிறகு வழிக்குள் மூக்கின் சாய்வு தெரியாதபடி களிமண்ணை அப்பி நைசாக வழித்தார். மறுபடி வேக்குவத்தைப் போட்டார். சிவப்புத் தண்ணீர் முன்பைவிடக் காற்று அதிகம் போவதாகக் காட்டியது. ஆனால் காத்தாடி அசைந்து, தயங்கி, நின்றுவிட்டது.

"காத்து ஜாஸ்தியாதான் போவுது மாப்ளே. ஆனா சுத்தல."

எனக்குப் புரியவில்லை. மாமா குரலை உயர்த்தாமல் சொன்னார். "அந்த மூக்குதான் காத்தத் திருப்பி வுடுது. சுத்திக்கினே எறங்கனாதான் டீசலோட கலக்கும். டீயில சக்கரையப் போட்டுட்டுக் கலக்காம குடிச்சா இன்னா ஆவும்? சக்கரை அடியில நிக்கும். டீசலும் அப்டிதான், வேவாம நிக்கும். கரும்புகை வரும். இழுவை இருக்காது. இன்னும் ஆக்சிலேட்டர் குடுத்தா இன்னும் புகைதான் வரும்."

"அப்ப கடலுக்குப் போன போட்டு..." என்றேன்.

"காலைல காலியா, அமைதியான தண்ணியில போயிருப்பாங்க. தெரிஞ்சிருக்காது. வரும்போதுதான் தெரியும். முகத்துவாரத்துல."

கடலூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கும். அலை அங்கேதான் உடையும். பின்னால் அலை எழும்பும்போது எஞ்சின் இழுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் திணறினால் படகு பக்கவாட்டில் திரும்பும். திரும்பினால் கவிழும். அந்தப் படகில் ஐந்து பேர் போயிருந்தார்கள். தேவராசு அண்ணனும் அவர் தம்பியும் அதில் இருந்தார்கள்.

பட்டறையைத் திறந்தபடியே போட்டுவிட்டு இருவரும் துறைமுகத்துக்குப் போனோம். தேவராசு அண்ணன் போன் எடுக்கவில்லை. கடலுக்குள் தூரம் போனால் கிடைக்காது. படகுகளில் இருக்கும் வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லும்படி கரையில் இருந்தவரிடம் மாமா கேட்டார். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. நேரம் ஆக ஆகக் காற்று தெற்கே திரும்பி, அலை பெரிதாகிக்கொண்டே வந்தது.

அன்று மத்தியானம் வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொரு படகும் முகத்துவாரத்தில் வந்து, தூக்கிப்போட்டு, உள்ளே வரும். இது அதுவாக இருக்கக்கூடாது என்று நினைப்பேன். உடனே, இதுவே அதுவாக இருந்து தப்பித்திருக்கலாமே என்றும் நினைப்பேன். தேவராசு அண்ணனின் மனைவி மீன் வாங்கும் அன்னக்கூடையோடு எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தூரத்தில் கறுப்பாக ஒரு புகை தெரிந்தது. அந்தப் புகைக்குக் கீழே படகு வருகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

"தம்பி, அது எங்க போட்டு தான? இன்னா அவ்ளோ புகை வுடுது?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா அண்ணி" என்றேன்.

அப்போதுதான் போன் கிடைத்தது. மாமா பேசினார். குரல் நடுங்கவில்லை.

"தேவராசு, நான் மேஸ்திரி பேசறன். உள்ள வராத. கேக்குதா? முகத்துவாரத்துக்கு வராத."

"இழுக்க மாட்டேங்குது மேஸ்திரி! முழுசாத் தெறந்து வுட்டுட்டன், புகைதான் வருது!"

"தெறக்காத! குறைச்சிடு. மெதுவா வச்சி, முகத்த அலைக்கு நேராத் திருப்பு. அலை உடையற எடத்துக்கு அந்தாண்டயே நில்லு. பெரிய போட்டு ஒன்னு அனுப்பறன், கயிறு குடுக்கும்."

"இன்னா ஆச்சி மேஸ்திரி எஞ்சினுக்கு?"

"வந்ததும் சொல்றன். இப்ப நான் சொல்றதச் செய்யி."

அந்த நேரத்தில் பெரிய படகு ஒன்றைக் கிளப்ப மாமா எத்தனை பேரிடம் கெஞ்சினார் என்று எனக்குத்தான் தெரியும். ஒருவர் ஒத்துக்கொண்டு போனார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தேவராசு அண்ணனின் படகு அலையில் ஏறும்போது தெரியும், இறங்கும்போது மறையும். மறையும்போதெல்லாம் நான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்துக்குள் தெரிந்துவிடும். ஒரு தடவை ஒன்பது வரை எண்ணினேன். அந்த ஒன்பது இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகிறது. உங்கள் அம்மாவுக்குத் தெரியும், நான் தூக்கத்தில் எண்ணுவேன் என்று. ஏன் எண்ணுகிறேன் என்பது தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஐந்து பேரும் உயிரோடு வந்தார்கள். ஆனால் முகத்துவாரத்தில் அலை தூக்கியபோது கயிறு சட்டென்று இறுகி, தேவராசு அண்ணனின் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அந்த விரல்கள் இன்று வரை மடங்குவதில்லை.

தேவராசு அண்ணன் கரையில் குதித்ததும் நேராக வந்தார். கண் சிவந்திருந்தது.

"எவன்டா என் ஹெட்டுல கைய வச்சது?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். ஆனால் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குள் மாமா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் தேவராசு. கல்யாணத்துக்குக் கெளம்பறதுக்கு முன்ன, உள்ள இருந்த மூக்கப் பிசிறுன்னு நெனச்சி எடுத்துட்டன். என் தப்பு."

"நீயா? நீயா மேஸ்திரி? காத்து காத்துன்னு ஊருக்கே பாடம் நடத்துவியே!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு பேருக்கு முன்னால், தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அந்த முதுகைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பட்டறைக்குத் திரும்பும்போது வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "ஏன் மச்சான் அப்டி சொன்னீங்க?"

"எடுத்துடுன்னு சொன்னது யாரு? நான்தான?"

"நீங்க சொன்ன பிசிறு வேற. நான் எடுத்தது வேற."

"வார்த்தை என்னுதுதான? வுடு. உன்னச் சொன்னா இந்தத் துறைமுகத்துல உன் கையில ஒரு போல்ட்டுகூடக் குடுக்க மாட்டாங்க. எனக்குன்னா கொஞ்ச நாள் திட்டிட்டு வந்துடுவாங்க."

இரண்டாவது மூக்கில் எனக்குச் சந்தேகம் வந்ததை அப்போது அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் வார்த்தை மேல் பழியைப் போட்டிருக்க மாட்டார்.

தேய்த்த இரும்பை மறுபடி ஒட்ட முடியாது. மாமா வேறு ஹெட் தேடி அலைந்தார். கடைசியில் வடலூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதைப் பழுது பார்த்து, காத்தாடியில் வைத்துச் சுற்றிக் காட்டி, தேவராசு அண்ணனுக்குக் கொடுத்தார். அப்படியும் ரொம்ப நாள் துறைமுகத்திலிருந்து எங்கள் பட்டறைக்கு ஒரு ஹெட்டும் வரவில்லை. டிராக்டர் வேலையை வைத்துச் சமாளித்தோம். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வரும்போது ஒரு பட்டப்பெயரையும் கொண்டுவந்தார்கள். மூக்கறுத்த மேஸ்திரி.

நீங்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். முகில் மூன்று வயதில், "மூக்கறுத்த மாமா வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து மாமாவின் மூக்கைப் பிடிப்பான். மாமாவும் மூக்கைத் தடவிப் பார்த்து, "அய்யோ, காணமே" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எப்படிச் சிரித்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. உங்கள் அத்தை மட்டும் சிரிக்க மாட்டார். அவருக்குத் தெரியுமோ என்று இத்தனை வருஷமும் அவர் முகத்தை நேராகப் பார்க்கப் பயந்தேன்.

மாமாவுக்குக் கடைசியில் இருதயம் பலவீனமாகிவிட்டது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தோம். ஒரு பகல் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் சொன்னேன். இரண்டாவது மூக்கிலேயே எனக்குத் தோன்றியதையும், கேஸ்கெட் கதைக்குப் பயந்து போன் போடாததையும் சொல்லி முடித்தேன்.

"நான் கேலி பண்ணதாலயா கேக்கல?" என்றார் மாமா.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மாமா கண்ணில் தண்ணீர் வந்தது. "அப்ப பாதி என்னுதுதான் மாப்ளே" என்றார். பிறகு, "மீதிய நீ எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஒரு வருஷம் ஆகியும் எனக்குத் துணிவு வரவில்லை. போன மாதம் கயல் கல்லூரி விடுமுறையில் சிதம்பரத்திலிருந்து வந்தபோது பட்டறைக்கு வந்தாள். தகரக் காத்தாடியை விரலால் சுற்றிவிட்டு, "இது காட்டற காத்துச் சுத்தலுக்கு ஸ்வர்ல்னு பேருப்பா. எங்க லேப்ல இருக்கற மெஷின்ல இதேதான் இருக்குது. இதச் செஞ்சி வச்ச மாமாவுக்கா அந்த மூக்கு எதுக்குன்னு தெரியாது? எனக்கு நம்ப முடியலப்பா" என்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டேன். கயல், நீ கேட்டது சரி. மாமாவுக்குத் தெரியும். தெரியாதது எனக்குத்தான். தெரியவில்லை என்று கேட்கப் பயந்ததும் நான்தான்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். தெரியாததைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு ஒரு நாளில் போய்விடும். ஒன்பது வரை எண்ணியது எனக்கு இன்னும் போகவில்லை.

இதுவரை எழுதியதை நேற்று கதிரவனிடம் கொடுத்தேன். பட்டறை வாசலில் நின்றபடியே படித்தான். நான் இரும்புக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். படித்து முடித்து, தாள்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை.

"அந்த வரிய எடுத்துடறன்" என்றான். பிறகு, "இத அப்டியே போடறன். ஒரு பிசிறுகூட எடுக்க மாட்டன்" என்றான். கோபமா, மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஆனால் உங்களுக்கு எழுதிய புத்தியை நானே கேட்டு நடக்க வேண்டுமே என்று, அவனிடமே அதைக் கேட்டேன். "கோவமாதான் இருக்குது. ஆனா அப்பா நல்ல வேலை தெரிஞ்சவருதான்னு தெரிஞ்சிது, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மாமாவைக் கடைசிப் பத்து நாளும் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், செம்மண்டலம் தெருக்காரர்களுக்கும், மழையிலும் வந்து கூட நின்ற சிதம்பரத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அன்று கயிறு கொடுத்து இழுத்து வந்த பெரிய படகின் ஐந்தாறு பேருக்கும் இப்போதுதான் நன்றி சொல்ல முடிகிறது. தேவராசு அண்ணனின் தம்பி, மடங்காத அந்த இரண்டு விரலோடு மாமாவின் பாடையை ஒரு பக்கம் பிடித்துச் சுமந்து வந்தார். அவருக்குப் பின்னால் நடந்து வந்தவன் நான். அவருக்கு நன்றி என்று எழுத என் கை வரவில்லை. வேறு வார்த்தையும் எனக்குத் தெரியவில்லை.

மலரை எல்லோருக்கும் விசேஷத்தன்று கையில் கொடுப்போம். தேவராசு அண்ணன் வீட்டுக்கு மட்டும் அதற்கு முதல் நாளே நான் நேரில் கொண்டுபோகிறேன். பகலில்தான் போவேன், எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து. அண்ணி கதவைத் திறந்து, யார் வந்திருப்பது என்று உள்ளேயிருந்து அண்ணன் கேட்டால், என் பெயரைச் சொல்ல மாட்டேன். மூக்கறுத்த மேஸ்திரி வந்திருக்கிறேன் என்று நானே சொல்வேன்.